அறுநூற்று எண்பது முதுகுத்தகடுகள்

16.02.2009. மாதிரித் துப்பாக்கிகள் 3. சுட்ட தோட்டாக்கள் 1,500. தடங்கல்கள் 22.
02.06.2009. வந்து சேர்ந்த கைத்துப்பாக்கிகள் 340.
03.06.2009. பெட்டியில் வைத்து முத்திரையிட்ட முதுகுத்தகடுகள் 680.
11.03.2022. ஐம்பதுக்கு 33.
16.09.2022. ஐம்பதுக்கு 31.
17.03.2023. தேவை 35.

முதல் மூன்று வரிகள் அப்பாவின் வேலை. அடுத்த இரண்டும் மகள் சுட்டுத் தவறியவை. கடைசி வரி, இருவரும் பயந்துகொண்டிருந்த நாள்.

அப்பா காவல்துறையின் ஆயுதக் கிடங்கில் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிக் கொடுப்பது அவர் வேலை. முப்பத்துநான்கு வருடம் ஒரே அறை. கம்பிவலை ஜன்னலுக்கு வெளியே நின்று காவலர்கள் துப்பாக்கி வாங்குவார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு நீள மேசை, அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, பல் துலக்கித் தேய்ந்த பிரஷ்கள் நான்கு, கீழே உருண்ட ஸ்பிரிங்கைத் தேடிப் பிடிக்கக் கயிற்றில் கட்டிய காந்தம். ஜன்னல் ஓரத்தில் மணல் நிரப்பிய இரும்புப் பீப்பாய். துப்பாக்கி காலிதானா என்று பார்க்க, முனையை அதற்குள் நீட்டித்தான் விசையை அழுத்த வேண்டும். பின்சுவருக்கு அந்தப்புறம் சுடுதளம். அங்கே யார் சுட்டாலும் மேசைமேல் இருக்கும் டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை ஓடும்.

கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பதினோரு கட்டம்’ என்பார்கள். அவர் வைத்திருந்த பழுதுப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு கட்டங்கள். தேதி, நேரம், துப்பாக்கி எண், கொண்டுவந்தவர் என்று தொடங்கி, பத்தாவது கட்டம் ‘காரணம்’, பதினோராவது கையெழுத்து. பத்தாவது கட்டத்தில் மூன்று சொற்களுக்கு மட்டுமே இடம். ஏதாவது தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் ‘பாகம்’. தோட்டா மட்டமாக இருந்தால் ‘தோட்டா’. இரண்டிலும் குறை கண்டுபிடிக்க முடியாவிட்டால், பிடித்தவர் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்: ‘கை’. நாலாவது சொல் எழுத அவருக்குத் தேவை ஏற்பட்டதில்லை.

அலங்காரம் என்றால் அவருக்கு ஆகாது. துப்பாக்கியில் அலங்காரம் என்றால் அறவே ஆகாது. 2009 பிப்ரவரியில் இலாகா புதுத் துப்பாக்கி வாங்க முடிவு செய்து மூன்று மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பியபோது, அவற்றோடு வந்த விற்பனையாளருக்கு இது தெரியாது. பாவம், மனிதர் மினுமினுக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"விரல் ரேகைப் பூட்டு சார். பதிஞ்ச விரலைத் தவிர வேற யார் தொட்டாலும் சுடாது. கைப்பிடியிலயே சிவப்பு லேசர். எங்க காட்டறீங்களோ அங்க புள்ளி விழும்."

"உங்க ரேகையைப் பதிஞ்சிருக்கீங்களா?"

"பதிஞ்சிருக்கேன் சார்."

"அப்ப கையை இந்த வாளித் தண்ணில ஒரு முக்கு முக்குங்க."

விற்பனையாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு முக்கினார். ஈரக் கையோடு துப்பாக்கியைப் பிடித்தார். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. கைக்குட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்தார். மறுபடியும் சிவப்பு.

"மழைல நனைஞ்சா அதுக்கு உங்களை அடையாளம் தெரியாது போலிருக்கே."

"அடுத்த மாடல்ல சரி பண்ணிடுவாங்க சார்."

"அதுவரைக்கும் திருடனைக் குடை பிடிக்கச் சொல்லிடலாமா?"

இரண்டாவது மாதிரியின் மேல்பாகத்தில் ஜன்னல் ஜன்னலாக வெட்டியிருந்தது. சூடு சீக்கிரம் தணியும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அவர் ஒரு பிடி மணலை அதன்மேல் தூவிவிட்டுச் சுட்டார். மணல் அத்தனை ஜன்னல் வழியாகவும் குடிபுகுந்தது. ஐந்நூறு தோட்டாவில் பதினான்கு தடவை மாட்டிக்கொண்டு நின்றது. முதல் மாதிரி ஆறு தடவை நின்றது. லேசரின் பாட்டரி மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தே ஒன்பதாம் நாள் உயிரை விட்டது.

மூன்றாவது மாதிரி கறுப்பாக, மொழுக்கென்று, எந்த ஜோடனையும் இல்லாமல் இருந்தது. தண்ணீர், மணல், எண்ணெய்க் கை, கையுறை போட்ட கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரண்டே தடவை நின்றது. அதோடு ஒரு சின்னப் பையில் பிளாஸ்டிக் தகடுகள் வந்திருந்தன. கைப்பிடியின் பின்னால், உள்ளங்கை அழுந்தும் இடத்தில் மாட்டுவதற்கு, அதனால் முதுகுத்தகடு. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. ஒரு சின்ன ஆணியைத் தட்டினால் கழன்று வரும், இன்னொன்றை மாட்டலாம். நடுத்தரத்தை மாட்டிப் பிடித்துப் பார்த்தார். அவர் கைக்கென்றே வார்த்ததுபோல் உட்கார்ந்தது. மற்ற இரண்டையும் அவர் மாட்டிப் பார்க்கவில்லை.

அறிக்கையின் கடைசிப் பத்தியில் எழுதினார்: ‘மூன்று அளவு முதுகுத்தகடு விற்பனைக்கான வேடிக்கை. தொலைந்துபோகக்கூடிய பொருள். நடுத்தரத்தை எல்லாவற்றிலும் மாட்டிவிட்டு, மீதியைப் பெட்டியில் வைத்து முத்திரையிடலாம்.’

தலைமையகம் அந்த அறிக்கையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கொண்டாடியது. நகலெடுத்து மற்ற கிடங்குகளுக்கெல்லாம் அனுப்பியது. முந்நூற்று நாற்பது துப்பாக்கிகள் வந்தன. அறுநூற்று எண்பது தகடுகள் மரப்பெட்டிக்குள் போய், அரக்கு முத்திரை வாங்கிக்கொண்டு, மேல் பலகையில் பதின்மூன்று வருடம் தூங்கின.

மகள் காவல்துறையில் சேர்ந்தது அவர் சொல்லி அல்ல. அவர் வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் பயிற்சிப் பள்ளியில் மெல்லிய கைப்பிடி வைத்த பழைய ரிவால்வரில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு சுட்டுவிட்டு வந்தாள். 2022 ஜனவரியில் இதே ஊரில் மோட்டார் சைக்கிள் ரோந்தில் போட்டார்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எந்தக் கடையின் ஷட்டர் முழுசாக இறங்காது, எந்தத் தெருவிளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை, எந்த வீட்டு நாய் குரைத்தால் காரணம் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூலை மருந்துக்கடையைத் தனியாகப் பூட்டிக்கொண்டு போகும் பெண், இவள் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவாள். இதை மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பெருமையாகச் சொல்வாள்.

ரோந்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுட்டுக் காட்ட வேண்டும். ஐம்பது தோட்டா, முப்பத்தைந்து வட்டத்துக்குள் விழ வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை தவறினால் ரோந்து போயிற்று. தொலைபேசி அறையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அங்கிருந்து வெளியே திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

மார்ச்சில் முப்பத்துமூன்று. செப்டம்பரில் முப்பத்தொன்று. இரண்டு தடவையும் துப்பாக்கி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. எண் 187. அவரே பிரித்துப் பார்த்தார். பாகத்தில் குறையில்லை, தோட்டாவிலும் இல்லை. பத்தாவது கட்டத்தில் தன் மகளின் பெயருக்கு நேராக, இரண்டு தடவையும் அவர் கையாலேயே ‘கை’ என்று எழுதினார்.

செப்டம்பரில் தவறிய அன்று மாலை அவள் சுட்ட தாளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தையல்காரி, முன்னறை முழுக்க அவள் ராஜ்யம். காவலர்களின் சீருடையில் பாதி அந்த அறையிலிருந்துதான் போகும்.

"எல்லாம் இடப்பக்கம் கீழயே போயிருக்கு பாருங்கப்பா."

"கை ஆடுது."

"ஆடினா எல்லாப் பக்கமும்தானே போகணும்? ஒரே இடத்துல கொத்தா விழுந்திருக்கு."

"பயிற்சி போதலைம்மா. ரிவால்வர் வேற, இது வேற. இது வேலைக்கான துப்பாக்கி."

அவள் தாளை மடித்தாள். "சரிப்பா," என்றாள். அந்தச் ‘சரிப்பா’வில் சரி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாததால், செய்யத் தெரிந்ததைச் செய்தார். பதினாறு நாள் உட்கார்ந்து மரத்தில் ஒரு துப்பாக்கி செதுக்கினார். அதே நீளம், அதே கனம். கனத்துக்காக உள்ளே ஈயம் வைத்தார். கைப்பிடியின் பின்னாலிருந்து விசை வரைக்கும் எழுபத்தொரு மில்லிமீட்டர், மயிரிழை பிசகாமல். வேலைக்கான துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இதைப் பிடித்துப் பழகட்டும் என்று. மேலே ஒரு காசை வைத்துக்கொண்டு, காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும். தினம் நாற்பது நிமிடம்.

அவளும் சளைக்கவில்லை. டியூட்டி முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து நிற்பாள். காசு விழும். எடுத்து வைப்பாள். விழும். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே டிங் டிங் என்று அது ஒரு கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் அம்மா வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள், "என்னங்க, அது அவ கைக்குப் பெருசுங்க."

"எது?"

"அந்த மரம். விரல் எட்டறதுக்குள்ள கையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கறா பாருங்க. தோள் பெருசா தைச்ச சட்டையைப் போட்டவ இழுத்து இழுத்து விட்டுக்கற மாதிரி."

"துப்பாக்கி என்ன சட்டையா, ஆளுக்கு ஆள் பிடிச்சு விட?"

"ஆமாமா, உங்களுக்குத் தெரியாததா," என்று அம்மா குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். குண்டூசி வாயில் இருக்கும்போது அவள் வாக்குவாதம் பண்ண மாட்டாள். அதை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் திரும்பத் திரும்பச் செய்த பிழை அது.

நவம்பர் கடைசியில் காசு விழுவது குறைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அநேகமாக நின்றேவிட்டது. "பாத்தியா, பயிற்சி," என்றார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

18.12.2022, ஞாயிற்றுக்கிழமை. கருவிகளுக்கு எண்ணெய் போடும் நாள். போகிற போக்கில் மரத்துப்பாக்கியையும் எடுத்து வெர்னியரில் அளந்தார். அறுபத்தாறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அறுபத்தாறுதான். திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் முதுகு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பிடித்துத் தேய்ந்ததல்ல. உப்புத்தாள்.

"இதை யார் தொட்டது?"

"நான்தான்," என்றாள் அம்மா, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சேன். அவ கைக்குச் சரியா வந்ததும் நிறுத்திட்டேன்."

"எழுபத்தொண்ணுக்குச் செதுக்கினேன். அளவை மாத்திட்டியே. அசல் துப்பாக்கி எழுபத்தொண்ணும்மா. அங்க போய் அவ என்ன பண்ணுவா?"

"அது உங்க பாடு. என்கிட்ட வர்ற சட்டையை நான் ஆளுக்குத்தான் பிடிப்பேன். ஆளைப் பிடிச்சு விட மாட்டேன்."

அவர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அறுபத்தாறு என்ற எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று மண்டைக்குள் குடைந்தது. பின்கட்டுக்குப் போய் 2009-ஆம் வருட அறிக்கையின் நகலை எடுத்துப் புரட்டினார். இணைப்பு நான்கு, தகடுகளின் அளவு. பெரியது 76. நடுத்தரம் 71. சின்னது 66.

அளவுநாடா மட்டும் வைத்திருக்கும் தையல்காரி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வந்து நின்ற இடமும், அவர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய தகட்டின் அளவும் ஒன்றாக இருந்தன.

மறுநாள் பதிவேடுகளை இறக்கினார். பதின்மூன்று வருடம், பத்தொன்பது தொகுதி. பத்தாவது கட்டத்தில் ‘கை’ என்று இருந்த வரிகளை மட்டும் தனித்தாளில் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு. பெயர்கள் இருந்தன; கைகளின் அளவு எங்கும் இல்லை. அவர் கேட்டதே இல்லை. யோசித்தார். அணிவகுப்புக்கு எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை கொடுக்கிறார்கள், ஒன்றாம் எண்ணிலிருந்து ஐந்தாம் எண் வரை. அந்தக் கணக்கு உடுப்புக் கிடங்கில் இருக்கும்.

உடுப்புக் கிடங்குக்காரர் அவருக்கு இருபது வருடச் சிநேகிதர்.

"யோவ் பதினோரு கட்டம், இருநூறு பேரோட கையுறை நம்பர் உனக்கு எதுக்குய்யா? ஜோசியம் பாக்கப் போறியா?"

"ஒரு தப்பு பண்ணியிருக்கேனான்னு பாக்கணும்."

உடுப்புக் கிடங்குக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் இரண்டு வாரம் மதிய வேளையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்கள். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. நடுவில் ஜீப் டிரைவர் ஒருவரின் பெயர் வந்தது, ஆறடி உயரம், கன்னம் வரை மீசை. கையுறை நம்பர் ஒன்று.

"அடப்பாவி, மீசை ரெண்டு கஜம், கை பிள்ளைக் கை," என்று உடுப்புக் கிடங்குக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ மூணு தடவை எழுதியிருக்கே, இவனுக்குப் பிடிக்கத் தெரியலைன்னு."

அவர் சிரிக்கவில்லை. கூட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று எழுபத்தொன்று, ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும். விரல் எட்டாததால் கையைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள், பிடி தளர்ந்திருக்கிறது, தளர்ந்த பிடியில் துப்பாக்கி முழுசாக இயங்காமல் நின்றிருக்கிறது, நிற்காமல் சுட்ட தோட்டாவும் இடப்பக்கம் போயிருக்கிறது. பதின்மூன்று வருடம் அவர்கள் வந்து ஜன்னலில் நின்று, ‘என்னன்னே தெரியல சார், நிக்குது’ என்று சொன்னார்கள். அவர் பிரித்துப் பார்த்து, துடைத்து, ‘கை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதில் எத்தனை பேர் இப்போது தொலைபேசி அறையில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது.

அன்று வீட்டில் மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உன் கையைக் காட்டு."

நீட்டினாள். அம்மாவின் நாடாவை வாங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியும் இடத்திலிருந்து விரலின் முதல் மடிப்பு வரை அளந்தார். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிடித்துக்கொண்டிருந்த அதே கை. இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. உன் கையில ஒண்ணுமில்ல."

நடந்ததைச் சொன்னார். பெட்டி, தகடு, அறிக்கை, நூற்று எழுபத்தொன்று, மீசைக்கார டிரைவர், எல்லாம். சொல்லி முடித்ததும் மகள் கொஞ்ச நேரம் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆணியைத் தட்டினா மாத்திடலாம்," என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டு நிமிஷ வேலை. வெளிய யாருக்கும் தெரியாது."

"நீங்களா பேசறீங்க?"

"நான்தான்."

"அப்ப அந்த டிரைவர் அண்ணன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு மட்டும் மாத்திட்டு நான் முப்பத்தஞ்சு சுட்டா, அதுல பாதி உங்க மார்க்குப்பா. எழுதுங்க. எல்லாருக்கும் சேத்து எழுதுங்க."

"நான் எழுதி, அவங்க படிச்சு, பதில் வர்றதுக்குள்ள மார்ச் வந்துடும்."

"வந்தா வரட்டும்."

"தொலைபேசி அறைம்மா."

"தெரியும்," என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு, "நல்ல குரல் எனக்கு," என்றாள். அம்மா எழுந்துபோய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

09.01.2023 அன்று கடிதம் போயிற்று. நான்கு பக்கம், இரண்டு அட்டவணை. பட்டியலில் தன் மகளும் இருப்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார். 30.01.2023 அன்று பதில் வந்தது: ‘இந்தத் தகடுகள் விற்பனைக்கான வேடிக்கை என்று 2009-இல் தாங்களே அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். இரண்டில் எது சரி என்று விளக்கவும்.’ அதற்கு அவர் மறுநாளே இரண்டு வரியில் எழுதினார்: ‘இப்போது எழுதியது சரி. அப்போது நான் என் கையை மட்டும் வைத்துப் பார்த்தேன்.’

பிப்ரவரி முழுக்க ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கீழே விட்டுவிடுவார். பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு தேடுவார். வீட்டில் மகள் அறுபத்தாறு மில்லிமீட்டர் மரத்துப்பாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "எழுபத்தொண்ணுல வேற ஒண்ணு செதுக்கித் தரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். "வேண்டாம்பா, அம்மாவோடது போதும்," என்றாள்.

15.03.2023, புதன்கிழமை காலை ஆணை வந்தது. சோதனையாக இருபத்துநான்கு பேருக்கு மட்டும் சின்னத் தகடு மாட்டலாம். ஆட்களை ஆர்மரர் தேர்ந்தெடுக்கக் கூடாது, உடுப்புக் கிடங்கு கையுறை எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடுப்புக் கிடங்குக்காரர் ஒன்றாம் நம்பர்க் கையுறைக்காரர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு தொப்பியில் போட்டு, எல்லோர் முன்னாலும் குலுக்கி எடுத்தார். பத்தொன்பதாவதாக மகளின் பெயர் வந்தது. மீசைக்கார டிரைவர் முதலாவதாகவே வந்துவிட்டார்.

அரக்கை உடைத்துப் பெட்டியைத் திறந்தபோது தகடுகள் போட்ட அன்றைக்கு இருந்தபடியே, கறுப்பாக, தூசியில்லாமல் இருந்தன. பகல் முழுக்க மாட்டினார். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே மகள் வந்து நின்றாள்.

"துப்பாக்கி எண்?"

"நூத்தி எண்பத்தேழு."

"பேரு?"

"பேரு வெச்சதே நீங்கதான்."

"பதிவேட்டுக்குச் சொல்லணும்."

சொன்னாள். எழுதினார். ஆணியைத் தட்டி, பழைய தகட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் முனையை மணல் பீப்பாய்க்குள் வைத்து, காலிதானா என்று பார்த்து, விரலை விசையில் வைத்தாள். விரல் போய்ச் சேர்ந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுத்த வரிக்குக் கோடு போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் சுடுதளத்துக்குப் போகவில்லை. மேசையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முறை எத்தனை மணிக்கு என்று தெரியும். முதல் தோட்டா, டீயில் வட்டம் ஓடியது. இரண்டு. மூன்று. எந்த இடத்தில் நின்றால் அது தடங்கல், எந்த இடத்தில் நின்றால் தோட்டா அடைத்த மேகசினை மாற்றுகிறார்கள் என்பது அவர் காதுக்குத் தெரியும். பத்து, நின்றது, மாற்றுகிறாள். இருபது. முப்பத்திரண்டாவதுக்குப் பிறகு ஒரு நிமிடம்போல் தோன்றிய இடைவெளி. அவர் எழுந்துவிட்டார். பிறகு முப்பத்துமூன்று. மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஐம்பதாவது தோட்டாவின் வட்டம் கிளாஸின் விளிம்பில் முட்டி அடங்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பத்து நிமிடத்தில் ஜன்னலில் நிழல் விழுந்தது. துப்பாக்கியை வைத்தாள்.

"நாப்பத்திமூணு," என்றாள்.

"தடங்கல்?"

"இல்ல."

பத்தாவது கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்தார். காரணம் எழுத ஒன்றுமில்லாதபோது இழுக்கும் கோடு. மகளையே பார்த்துக்கொண்டு இழுத்ததால் அது நேராக இல்லை. முப்பத்துநான்கு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் கோணலாக விழுந்த ஒரே கோடு அது. இருபத்துநான்கு பேரில் இருபத்திரண்டு பேர் அன்று தேறினார்கள். டிரைவர் நாற்பத்தேழு. அவர் ஜன்னலுக்குள் கையை விட்டு ஆர்மரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார், பிள்ளைக் கையால்.

பழைய பதிவேடுகளில் அவர் எதையும் அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் அங்கே கிடையாது. ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பதினோரு நாளில், அந்த நூற்று எழுபத்தொரு வரிகளின் ஓரத்திலும் சிவப்பு மையில் தன் ஜனவரிக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கிறவர் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்க்கட்டும் என்று. 31.05.2023 அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு, காந்தத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தார்.

மீதித் துப்பாக்கிகள் என்னவாயிற்று என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை முடிந்துவிட்டது என்று நினைத்தார். தினமும் முன்னறையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பொத்தான்களை அளவுவாரியாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் தபால் வந்தது. அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அம்மாதான் பிரித்துப் படித்தாள். முந்நூற்று நாற்பது துப்பாக்கிகளும் இனி ஆளின் கையை அளந்த பிறகே வழங்கப்படும். எல்லாக் கிடங்குகளுக்கும் இதே ஆணை. கூட ஒரு வெற்றுப் பதிவேட்டுத் தாள் வைத்திருந்தார்கள், புதிதாக அச்சடித்தது, தங்கள் பார்வைக்கு என்று எழுதி. நாலாவது கட்டம், கொண்டுவந்தவர். அதற்கு அடுத்துப் புதிதாக ஒரு கட்டம்: கை அளவு.

அம்மா விரலை வைத்து எண்ணினாள். "பன்னிரண்டு. இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?"

அவர் தாளை வாங்கிக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். தெருமுனையில் மகளின் வண்டிச் சத்தம் கேட்டது; வீட்டைக் கடக்கும்போது வழக்கம்போல் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனாள். அவர் பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில், எந்தக் கடிதத்துக்கும் எழுதுவதுபோல் எழுதினார்.

வந்த தேதி: 19.06.2023.